ஸ்கோர் ஏன் குறைஞ்சுதுன்னு சொல்லுங்க: கேம் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆன்லைன் டீம் கேம் நடத்துற கம்பெனிக்காரங்க எல்லாருக்கும், முக்கியமா உள்ள உக்காந்து பிஹேவியர் ஸ்கோர் (பிளேயர் எப்படி நடந்துக்கறான்னு போடற மார்க்) சிஸ்டத்த பாத்துக்கறவங்களுக்கு, வணக்கம்.

முதல்லயே சொல்லிடறேன், ஸ்கோரே வேணாம்னு கேக்க வரல. கண்டிப்பா வேணும். மைக் ஆன் பண்ணதுமே வீட்டுல இருக்கறவங்கள இழுத்து திட்டுறவன், ஒரு தடவ செத்ததுக்கே கோவிச்சுக்கிட்டு பேஸ்லயே நிக்கிறவன், வேணும்னே எதிரி டவருக்கு அடியில போய் செத்து செத்து விழறவன், இவங்கள்ல ஒருத்தன் வந்தா போதும் மிச்ச நாலு பேரோட மேட்சும் நாசம். அவங்கள தனியா ஒதுக்கறது நியாயம்தான். என் வருத்தம் வேற. ஸ்கோர் குறைஞ்சவன் திருந்தணும்னு நெனச்சா அதுக்கு ஒழுங்கான வழி பெரும்பாலான கேம்ல இல்ல.

இப்ப ஒருத்தனுக்கு ஸ்கோர் இறங்குதுன்னா அவனுக்கு என்ன தெரியுது? இத்தனை ரிப்போர்ட் வந்துச்சு, அவ்ளோதான். எந்த மேட்ச், எந்த நிமிஷம், என்ன வார்த்தை, ஒண்ணும் கிடையாது. சப்போர்ட், அதாவது மத்தவங்களுக்கு உதவற ரோல், ஆடுறவன எடுத்துக்கங்க. வார்டு (மேப்ல எதிரி வர்றத காட்டற பொருள்) வாங்கி வெக்கறான், ஃபார்ம் (காசு தர்ற வேட்டை) பூராவும் கேரிக்கு (பின்னாடி பலமாகி டீம ஜெயிக்க வெக்க வேண்டியவனுக்கு) விட்டுத்தர்றான், அதனால கையில ஐட்டம் இல்லாம முதல்ல சாகறதும் அவன்தான், பத்து நிமிஷம் கூட ஆகல, கேரி ஆல் சாட்ல வந்து எதிர் டீம்கிட்டயே "எங்க சப்போர்ட்ட ரிப்போர்ட் பண்ணுங்கப்பா"ன்னு டைப் பண்றான், கூட பார்ட்டில வந்த ரெண்டு ஃப்ரெண்டும் சேந்து பட்டன அமுக்கறாங்க. இங்க தப்பு யாரோடது? மேட்ச் முடிஞ்சு அந்த சப்போர்ட்டுக்கு வர்றது வெறும் நம்பர்தான், அத வெச்சு அவன் எத மாத்திக்குவான்?

இதனாலதான் பிளேயர்ஸ் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கற டிப்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எல்லாரையும் மியூட் பண்ணு, ஒரு வார்த்த டைப் பண்ணாத, சீக்கிரம் முடியற மோடா பாத்து ஆடு, ரிப்போர்ட் வாங்காம மேட்ச் எண்ணிக்கைய ஏத்து. வேலை செய்யுது, இல்லன்னு சொல்லல. ஆனா அது நல்ல நடத்தை இல்லீங்க, வாய மூடிக்கிட்டு இருக்கறது. எதிரி மிஸ்ஸிங்னு சொல்லாம, ஸ்மோக் (எதிரி கண்ணுல படாம போக உதவற ஐட்டம்) போடலாமான்னு கேக்காம, தோத்துக்கிட்டு இருக்கும்போது பரவால்ல இன்னும் ஆடலாம்னு ஒரு வார்த்த சொல்லாம அஞ்சு பேர் சேந்து ஆடுறது எதுக்கு? இப்படி பேசி நிஜமா டீம தூக்கி நிறுத்தற பிளேயருக்கு உங்க கணக்குல பெருசா மதிப்பே இல்ல.

நீங்க ஒண்ணுமே பண்ணலன்னும் சொல்ல மாட்டேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல 2011ல ட்ரிப்யூனல் கொண்டு வந்தாங்க, சாட்ட அப்படியே எடுத்து போட்டு பிளேயர்ஸையே தீர்ப்பு சொல்ல வெச்சாங்க, 2014ல அது நின்னு போச்சு, ஆனா அந்த காலகட்டத்துல அந்த கேம நடத்துற ரயட் கம்பெனிக்காரங்களே வெளிய சொன்ன விஷயம் ஒண்ணு இருக்கு: தண்டனையோட காரணத்தையும் சேத்து சொன்னா திருந்தறவங்க அதிகமாகறாங்க. டோட்டா 2ல 2021ல ஓவர்வாட்ச் வந்துச்சு, ரிப்போர்ட் ஆன இடத்த ரீப்ளேல மத்த பிளேயர்ஸே பாத்து முடிவு சொல்லலாம். 2023ல பேச்சுக்கு தனி ஸ்கோர், ஆட்டத்துக்கு தனி ஸ்கோர்னு பிரிச்சாங்க, அதுவும் நல்ல முடிவு, ஏன்னா வாய் மட்டும் நீளமா இருக்கறவனும் வேணும்னே ஃபீட் பண்றவனும் (செத்து செத்து எதிரிய வளத்து விடறவன்) ஒண்ணு கிடையாது. அதுக்கு நேர் எதிர் கவுண்டர் ஸ்ட்ரைக்ல 2017ல வந்த ட்ரஸ்ட் ஃபேக்டர், அதாவது ஆள எவ்ளோ நம்பலாம்னு போடற கணக்கு, நம்பரும் தெரியாது காரணமும் தெரியாது. சீட்டர்ஸ் தெரிஞ்சுக்கிட்டு ஏமாத்திடுவாங்கன்னு மறைக்கறது புரியுது. ஆனா ஒருத்தன் பேசின வார்த்தைய அவனுக்கே திருப்பி காட்டறதுல எந்த சீட்டருக்கு என்ன லாபம்?

இன்னொண்ணு, ஸ்கோர் இறங்கினவங்க எல்லாரையும் ஒரே குழியில தள்ளறது. அங்க போனா கூட ஆடுற எல்லாருமே கடுப்புல இருக்காங்க, ஒழுங்கா ஆடுறவனுக்கும் தோத்த கோவத்துல ரிப்போர்ட் விழுது, அது இன்னும் கீழ இழுக்குது. மேல வர முடியாதுன்னு தெரிஞ்சவன் என்ன பண்ணுவான், புது அக்கவுண்ட் ஓப்பன் பண்ணுவான். 2023 செப்டம்பர்ல டோட்டா 2ல 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்ட்ட (ஏற்கனவே ஆடுறவங்க தெறமைய மறைச்சு வெச்சுக்கற ரெண்டாவது அக்கவுண்ட்) தடை பண்ணாங்களே, சந்தோஷம்தான், ஆனா பழைய அக்கவுண்ட்லயே மேல வர ஒரு வழி இருந்தா புதுசு தேடி போறவங்களும் கொறைவாங்க.

அதனால கேக்கறது இதுதான். ரிப்போர்ட் உறுதியாச்சுன்னா அந்த மேட்ச், அந்த நிமிஷம், அந்த சாட் வரி இத மட்டுமாவது காட்டுங்க, ரிப்போர்ட் பண்ணவன் பேரு வேணாம். ஒரே பார்ட்டில இருந்து வர்ற ரிப்போர்ட்ட எல்லாம் ஒண்ணா எண்ணுங்க. நெட் போய் மூணு நிமிஷத்துல திரும்பி வந்தவனையும் கோவத்துல கேம க்ளோஸ் பண்ணவனையும் ஒரே தராசுல வெக்காதீங்க. தெரியாத ஆளுங்ககிட்ட இருந்து வர்ற பாராட்டுக்கு நல்ல வெயிட் குடுங்க. எல்லாம் ஒரே நேரத்துல முடியாதுன்னா முதல்ல அந்த சாட் வரிய காட்டறத பண்ணுங்க, ரீப்ளேயும் சாட் லாகும் ஏற்கனவே உங்க சர்வர்லதான இருக்கு.