வடிவமைப்பாளருக்கும் ஆசிரியர் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடிவமைப்புத் துறையில் பல ஆண்டு வேலை பார்த்தவர்களை உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக அமர்த்தலாம், அனுபவசாலிகள் என்பதால் கற்பித்தல் பயிற்சியிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளிக்கலாம் என்றொரு யோசனை அவ்வப்போது எழுகிறது. முதல் பாதியை வரவேற்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க முடியாது.

வடிவமைப்புக் கல்விக்கே முன்னோடியான ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியை (1919–1933) எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கான அடிப்படை வகுப்பை அங்கே உருவாக்கிய யோஹான்னஸ் இட்டன், தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். பின்னாளில் அவ்வகுப்பை நடத்திய யோசஃப் ஆல்பர்ஸும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தவர்தான்.

கை பழகிய வேலையை வாயால் சொல்வது கடினம். தலைப்பை நான்கு மில்லிமீட்டர் மேலே தள்ளினால் சரியாகிவிடும் என்பது வடிவமைப்பாளரின் கண்ணுக்கு உடனே தெரியும். ஏன் என்று மாணவி கேட்டால் பதில் வராது. பென்சிலை வாங்கித் தானே திருத்திவிடுவார். தாள் அழகாகிவிடும், மாணவி எதையும் கற்றிருக்க மாட்டாள். மாணவர் தாளில் ஆசிரியரின் கை படக்கூடாது என்ற கட்டுப்பாடு முதல் நாளே வேண்டும். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மேலே டிரேசிங் தாளை வைத்து வரைந்து காட்டி, அதை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது நேரம். ஸ்டூடியோவில் ஒருவரின் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். 40 நிமிட பீரியடில் வருகைப் பதிவுக்கும் பொருள் விநியோகத்துக்கும் 5, சுத்தம் செய்ய 7 போனால் மிஞ்சுவது 28. வகுப்பில் 35 பேர் என்றால் தலைக்கு 48 விநாடி. எல்லோரையும் பார்த்துவிட ஓடுபவர் யாரையும் பார்ப்பதில்லை. நாளுக்கு ஒரு வரிசையாக 7 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் விளக்கத்துக்கு 8 நிமிடம் போக ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய மூன்று நிமிடம் கிடைக்கும். ஐந்து பீரியடில் ஒரு சுற்று முடியும்.

போஸ்டர் பாடம்தான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். கிளையன்ட் வேலையில் வருவதுபோல் ஒரு பிரீஃபை (என்ன வேண்டும் என்ற சுருக்கக் குறிப்பை) கொடுத்து ‘தொடங்குங்கள்’ என்பார்கள். பிள்ளைகள் முதலில் பார்டர் போடுவார்கள், பிறகு மூலையில் பூ. தலைப்பை இடது ஓரத்தில் பெரிதாக ஆரம்பித்து, வலது ஓரத்தில் கடைசி மூன்று எழுத்துகளை நெருக்குவார்கள். இது சோம்பல் அல்ல. எழுதப் பழகிய வரிசையிலேயே வரைகிறார்கள், இடத்தை முன்கூட்டி அளக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனவே வண்ணத்தையும் பசையையும் முதல் இரண்டு பீரியட் பூட்டிவைப்பது நல்லது. நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், இடம், அழைப்பவர் ஆகிய ஐந்தையும் தனித்தனிக் காகிதப் பட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தின் உயரம் மூன்றே அளவு: 40, 16, 8 மில்லிமீட்டர். பட்டைகளை ஏ3 தாளில் ஒட்டாமல் நகர்த்தி நகர்த்தி ஆறு அமைப்புகள் செய்து, ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவுச் சிறுபடமாகக் குறித்துக்கொள்ளட்டும். நல்லதெனத் தோன்றும் ஒன்றைச் சுவரில் பொருத்தி, மூன்று மீட்டர் தள்ளி நின்று, முதலில் கண்ணில் படுவது எது என்று பக்கத்து மாணவர் சொல்லவேண்டும். பசை அதன் பிறகே.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் தமிழை வைத்தால், மேல்வரி ‘ணு’, ‘நூ’வின் கீழ்ச்சுழியும் கீழ்வரி ‘கி’, ‘மீ’யின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும். தொழிலில் இருப்பவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் இது.

கணினியைப் பிறகு திறக்கலாம். இணையத்தில் எடுத்த 600 பிக்சல் அகலப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் அகலம் இரண்டு அங்குலம்தான் வரும் என்பதை மட்டும் முதல் வகுப்பிலேயே அச்செடுத்துக் காட்டிவிட வேண்டும். கட்டர் பிளேடுகளுக்கு எண் போட்டு, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணுங்கள். மழுங்கிய பிளேடுதான் கையை அதிகம் கிழிக்கும்; அழுத்திப் பிடிப்பதால் வழுக்குகிறது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் பயிற்சியில் வருவதே. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். கூட்டத்தில் மௌனம் விழுந்தால் உடனே பேசி நிரப்பிப் பழகியவர்களுக்கு அந்த மூன்று விநாடி யுகமாகத் தெரியும்.

மதிப்பெண் விஷயத்தில் ரசனை குறுக்கே வரும். இயல்பாகவே கை நேர்த்தி உள்ள பிள்ளைக்கு 90, யோசித்து ஆறு முறை மாற்றிய பிள்ளைக்கு 55 என்று போய்விடும். முயற்சித் தாள்களுக்கு 40, செய்தி தெளிவாகத் தெரிவதற்கு 30, நேர்த்திக்கு 15, தேர்ந்தெடுத்த காரணத்தை எழுதிக்காட்ட 15 என்று முன்னரே அறிவித்துவிட்டால் இது குறையும். ஐந்து வகுப்புக்கு 175 தாள். ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றாலும் கிட்டத்தட்ட 12 மணி நேரம். முயற்சித் தாள்களை வகுப்பு நடக்கும்போதே பார்த்து முடிக்காதவரின் விடுமுறை நாள் அதிலேயே போகும்.

மாறலாமா என்று யோசிப்பவர்கள் ராஜினாமாவுக்கு முன் பார்க்க வேண்டியது, தங்கள் பட்டம் பள்ளிப் பாடப் பட்டியலில் உள்ள ஏதாவதொரு பாடத்துக்குச் செல்லுமா என்பதே. செல்லாவிட்டால் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனில்லை. நேர்காணலுக்கு இருபது முடிந்த வேலைகளைச் சுமந்து போவதைவிட, ஒரு வேலையின் எல்லா வரைவுகளையும், அதிலிருந்து எழுதிய ஒரு பாடக்குறிப்பையும் எடுத்துச் செல்வது மேல்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. டிசைனர் கிடைத்துவிட்டார் என்று பேனர், அழைப்பிதழ், ஆண்டு மலர், பள்ளி இணையதளம் அத்தனையையும் அவர் தலையில் கட்டுவது பரவலாக நடக்கிறது. ஒரு ஆண்டு மலரின் லேஅவுட் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். அந்த வேலை வேண்டுமென்றால் நியமன ஆணையிலேயே எழுதி, அதற்கு ஈடான பீரியடுகளை அவரது கால அட்டவணையில் குறைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காட்சிக்கலை ஆசிரியர் ஒருவர்