கேட்டது லீவு இல்லை, டியூட்டி மாற்றம்

எங்கள் மருத்துவமனை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ஏப்ரல் 18, பெரிய வெள்ளியன்று எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடுவதற்காக நான் கேட்ட டியூட்டி மாற்றம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். "பாட்டுப் பாடுறதுக்கெல்லாம் டியூட்டி மாத்த முடியாது டாக்டர்" என்றீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

நான் லீவு கேட்கவில்லை. நோன்புப் பெருநாளன்று கீழக்கரை டாக்டருக்காக, அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவால்டியை நான் பார்த்தேன். பெரிய வெள்ளிக்கு அவர் எனக்காகப் பார்ப்பதாக இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் உங்கள் மேசையில்தான் கிடந்தது. முந்தின இரவு வாட்ஸ்அப்பில் அதை ரத்து செய்தீர்கள். என்னைவிட அவர்தான் அதிகம் சங்கடப்பட்டார்.

வேறு நாளாக இருந்தால், நான் இல்லாவிட்டாலும் கீபோர்டு பாட்டைக் காப்பாற்றியிருக்கும். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடி முடித்ததும் எங்கள் கோயிலில் கீபோர்டுக்கு உறை போட்டுவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அது திரும்பப் பாடப்படும்வரை தொண்டைதான் எல்லாம். வெள்ளி மதியம் ஊரே வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்யும். தங்கச்சிமடம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது முடியும்வரை பாட்டு நிற்கக் கூடாது. பெண்கள் பாடும் சொப்ரானோ, ஆல்ட்டோ குரல்களுக்கு ஆள் இருக்கிறது. ஆண்களின் மேல்குரலான டெனருக்கு நானும், விசைப்படகில் போகும் ஒரு தம்பியும் மட்டும். தவக்காலம் முழுக்க, அவன் கடலில் இருந்தால் நான், எனக்கு நைட் என்றால் அவன் என்று ஒப்பேற்றினோம். அந்த ஒரு நாளாவது இருவரும் சேர்ந்து நிற்கலாம் என்றிருந்தோம். அவன் தனியாகப் பாடினான். பாதியிலேயே சுருதி இறங்கி, கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவர்களுக்குக் கீழே எட்டாமல் போய், கடைசியில் எல்லோரும் ஒரே குரலாகப் பாடி முடித்தார்களாம்.

மீன்பிடித் தடைக்காலம் 15-ஆம் தேதியே தொடங்கி, விசைப்படகெல்லாம் கரையில் நின்ற நேரம் அது. திருக்கை முள் குத்தி வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருக்கும் ஆள்கூட அன்று கேஷுவால்டியில் இல்லை. கூட்டம் இருந்திருந்தால், யாரும் சொல்லாமல் நானே இருந்திருப்பேன்.

ஜூலை 1, டாக்டர்கள் தினம் வந்தால் மட்டும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட என் பெயர் ஞாபகம் வந்துவிடுகிறது. கிரிக்கெட் மேட்சுக்கு டியூட்டி மாற்றினால் உற்சாகம், பாட்டுக்கு மாற்றினால் பொறுப்பில்லாத்தனம்! 1913-ல் ஆப்பிரிக்காவின் லம்பரீனே போய் ஆஸ்பத்திரி தொடங்கிய ஆல்பர்ட் ஷ்வைட்சர், ஐரோப்பாவில் ஆர்கன் கச்சேரி செய்து அதற்குப் பணம் சேர்த்தார். நம் டியூட்டி ரோஸ்டரில் மாட்டியிருந்தால் ஆர்கனைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவரை விடுங்கள், மாதக் கடைசி இரவில் ரோஸ்டர் ஒட்டினால் நர்ஸ் அக்காக்கள் பிள்ளைகளின் காதுகுத்துக்கு எப்படித் தேதி குறிப்பார்கள்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். ரோஸ்டரை முந்தின மாதம் 25-ஆம் தேதிக்குள் ஒட்டுங்கள். இருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றத்தை, உண்மையான அவசரம் இல்லாமல் ரத்து செய்யாதீர்கள். கிறிஸ்துமஸ் இரவு எனக்கே டியூட்டி போட்டாலும் பரவாயில்லை, நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பிக்குத் துணையாக இன்னொருவரைப் பழக்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கேஷுவால்டி டியூட்டி டாக்டர்