ஆனியில் வந்த கார்த்திகை

வெலிங்டன், நியூசிலாந்து,
29 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நட்சத்திரத்துக்காக நாடே லீவு விடப்போகிறது என்று நான் போனில் சொன்னதை அப்பா நம்பவில்லையாமே. “ஆனி மாசத்துல என்ன கார்த்திகை” என்று கேட்டாராம். இதை அவருக்குப் படித்துக் காட்டு. போனில் பேச ஆரம்பித்தாலே தம்பி பிடுங்கிக்கொள்கிறான், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை.

அந்தப் பண்டிகைக்கு மட்டாரிக்கி என்று பெயர். நாம் கார்த்திகை என்று அண்ணாந்து பார்க்கிற அதே விண்மீன்கூட்டம்தான். நமக்கு ஆறு பெண்கள், இங்குள்ள மாவோரி மக்களுக்கு ஒன்பது. மண்ணுக்குள் விளைவது ஒன்றுக்கு, மரத்தில் காய்ப்பதும் பறவைகளும் இன்னொன்றுக்கு, அப்புறம் ஆறு, கடல், மழை, காற்று என்று ஆளுக்கொரு பொறுப்பு. போஹுட்டுகாவா என்ற மீன் இறந்துபோனவர்களுக்கு உரியது. ஹிவா என்ற மீனிடம் வரும் வருஷத்துக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் கத்திரி வெயில் அடிப்பது சூரியன் கார்த்திகையைக் கடக்கிற நாள்களில்தானே, அதனால்தானே அக்னி நட்சத்திரம் என்கிறோம். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்போது அந்த மீன்கள் கண்ணுக்குத் தெரியாது. இங்கே அது குளிர் தொடங்குகிற சமயம். சில வாரம் மறைந்திருந்துவிட்டு, நடுக்குளிரில், விடிவதற்கு முன்னால் வடகிழக்கில் திரும்ப எழும். அதுதான் மாவோரிகளுக்கு வருஷப் பிறப்பு. நிலாக் கணக்கில் வருவதால் தேதி மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷம் ஜூன் 28, இந்த வருஷம் ஜூன் 20, அடுத்த வருஷம் ஜூலை 10. எப்போதும் வெள்ளிக்கிழமையாக வருகிற மாதிரி 2052 வரைக்கும் தேதிகளைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

வழக்கம் பழசு, லீவுதான் புதுசு. வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 1940-களில் ஏறக்குறைய நின்றே போயிருக்கிறது. இதைத் திரும்பவும் நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரங்கி மாட்டாமுவா என்ற பேராசிரியர். அவருடைய முன்னோர் ஒருவர் 1898-இல் நட்சத்திரங்களைப் பற்றி எழுதத் தொடங்கி, மகன் 1933-இல் முடித்த 400 பக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று தாத்தாவின் அலமாரியில் இருந்திருக்கிறது. தாத்தா அதை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தார். அங்கிருந்துதான் இவ்வளவும். 2020 தேர்தல் சமயத்தில் அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் வாக்குக் கொடுத்தார், 2022-இல் சட்டமானது, அந்த வருஷம் ஜூன் 24-இல் முதல் லீவு. இதே ஜூனில் ராஜாவின் பிறந்தநாளுக்கும் ஒரு லீவு உண்டு. ஆனால் இந்த மண்ணுக்குச் சொந்தமான நாள் இந்த வெள்ளிக்கிழமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பாட்டி. மழையிலும் செருப்பில்லாமல் கடைக்குப் போவாரே, அவர்தான். வாங்கனுய் பக்கத்துக்காரர். அங்கே புவாங்கா என்ற வேறொரு பிரகாசமான மீனைத்தான் வருஷப் பிறப்புக்குப் பார்ப்பார்களாம். இவர் இரண்டுக்கும் எழுந்துவிடுவார். காலையில் இறந்துபோன தாத்தாவின் படத்துக்கு முன்னால் நின்று, அன்றைக்கு மழையா காற்றா என்று முழுவதும் சொல்லிவிட்டுத்தான் டீ போடுவார். சுவர் வழியாக எனக்கும் கேட்கும், அதை வைத்துத்தான் எந்தக் கோட்டு போடுவது என்று நான் முடிவு செய்வேன். வடக்கிலிருந்து சொந்தக்காரர்கள் அவருக்கு மூட்டையில் கூமரா அனுப்புகிறார்கள். நம் சீனிக்கிழங்குதான், பாதி என் வீட்டுக்கு வந்துவிடும். இப்போது பெரும்பாலும் ராத்திரிக்கு அதைத்தான் அவித்துச் சாப்பிடுகிறேன். உடம்புக்கும் நல்லது.

அன்றைக்கு ஐந்து மணிக்கே கதவைத் தட்டிவிட்டார். தெற்குக் காற்று அடித்தால் இந்த ஊரில் எலும்புக்குள் வலிக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஆச்சியின் சால்வையைப் போட்டுக்கொண்டு பின்னால் இருக்கிற குன்றில் ஏறினேன். பாட்டியின் மகன்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வரிசையாக நிற்கிற மூன்று மீன்களைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் வந்தால் ரோகிணி, அதற்கும் இடது பக்கம் தள்ளி நம் கார்த்திகை. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு ஆச்சி விரல் நீட்டிக் காட்டிய அதே வரிசை, இங்கே தலைகீழாக நிற்கிறது.

கூமரா, கோழி, விலாங்கு, கடல் மீன் நான்கையும் வேகவைத்துப் பானையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மந்திரம் மாதிரி நீளமாகச் சொல்லச் சொல்ல மூடியைத் திறந்தார்கள். அந்த ஆவிதான் நட்சத்திரங்களுக்குச் சாப்பாடு. நீ ஓலைக் கொழுக்கட்டைப் பானையைத் திறக்கும்போது குபுகுபுவென்று கிளம்புமே, அதே மாதிரிதான் மேலே போனது. அப்புறம் அந்த வருஷம் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். பாட்டி என் முழங்கையைத் தொட்டு, “உன் வீட்டில்?” என்றார்.

அம்மா, மாசியில் ஆச்சி போனபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். பதினாறாம் நாள் விசேஷத்தை பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்த்தேன், அப்படியே வேலைக்குப் போனேன். ஆச்சி இருந்ததே தெரியாத ஊரில் யாரிடம் சொல்லி அழுவது? அன்றைக்குக் குன்றில் ஆச்சியின் பெயரையும் நம் ஊர்ப் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் உட்பட எல்லாரும் திரும்பச் சொன்னார்கள், சரியாக வரவில்லை என்று இன்னொரு தரம் சொன்னார்கள். எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது. உன் மடியில் படுத்தால் போதும் என்று இருந்தது. எல்லா நாட்டிலும் இப்படி ஒரு நாள் இருக்க வேண்டும் அம்மா.

மத்தியானம் வேலைக்குப் போய்விட்டேன். லீவு நாளில் வேலை பார்த்தால் ஒன்றரைச் சம்பளம், இன்னொரு நாள் லீவும் தருவார்கள். குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. வீட்டில் மூன்று பேரும் ஒரே அறையில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்துகொள்கிறோம், பேச்சுத்துணைக்கும் ஆச்சு. இந்த மாதம் பணம் குறைவாக வந்திருக்கும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வளையலுக்கு இப்போதைக்கு வட்டி மட்டும் கட்டு.

ஆச்சி வீட்டு விஷயம் எழுதியிருந்தாய். சின்ன மாமா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடாதே. ஆச்சி உயில் எழுதவில்லை, அதனால் மாமாக்களுக்கு எவ்வளவோ அவ்வளவு உனக்கும் உண்டு. 1956-ஆம் வருஷச் சட்டத்திலேயே அம்மாவின் சொத்தில் மகனும் மகளும் சமம். கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் கணக்குச் சொன்னால், அது வேறு இது வேறு என்று சொல். சண்டை வேண்டாம். முதலில் வாரிசுச் சான்றிதழ் எடுக்கட்டும், பெரிய மாமாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.

தம்பியிடம் கவுன்சலிங் தேதியை எனக்கு அனுப்பச் சொல். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரியை எடுக்க வேண்டாம். பட்டியலை அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து வைக்கட்டும். மாடி ஒழுகலை ஐப்பசி மழைக்கு முன்னால் பூசிவிடுங்கள், அப்பாவை ஏணியில் ஏற விடாதே.

உன் அன்பு மகள்