இருபது வெள்ளிக்காசு, முப்பது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வேதாகமத்தில் வரும் யோசேப்பைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு பிழை. அண்ணன்மார் அவனை 30 வெள்ளிக்காசுக்கு விற்றதாக அச்சாகியிருக்கிறது. 30 என்பது இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கியது. யோசேப்பின் விலை 20. ஆதியாகமம் 37ஆம் அதிகாரம், 28ஆம் வசனம். லேவியராகமத்தில் 5 வயது முதல் 20 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்குக் குறித்திருக்கும் மதிப்பும் அதே 20தான். விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17.

34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கையில் பென்சில் இல்லாமல் பத்திரிகை படிக்க வரவில்லை. அந்த எண்ணோடு இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி என்னை விடவில்லை. சொந்தங்கள் துரோகம் செய்தால், தேவனே அனுப்பினார் என்று ஏற்றுக்கொண்டு, உடனே மன்னித்து, மறந்து, மறுபடி சேர்த்துக்கொள்வதுதான் விசுவாசம் என்றும், யோசேப்பு அதைத்தான் செய்தான் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். யோசேப்பு அப்படிச் செய்யவே இல்லை. வேதத்தில் இல்லாததை அடிபட்டவர்கள் தலையில் வைத்தால், அவர்கள் தாங்கள் விசுவாசம் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். நான் கிடந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்கு வயது 11, எனக்கு 23. அவனைப் படிக்கவைத்து ஆளாக்கும்வரை என் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் "பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தேன். பிறகு யாரும் எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அதை இங்கே இழுக்கவும் இல்லை. இருவர் சம்பளத்திலும் ஒரு வீடு கட்டினோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், கடனுக்கு என்று சொல்லி ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தான். யாரோ எழுதியதில் ஓர் ஒற்று விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற நான், அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் படிக்காமல் தள்ளிவிட்ட ஒரே மெய்ப்பு அது. நான்கு மாதம் கழித்து வீடு அவன் பேரில் மட்டும் இருப்பது தெரியவந்தது.

அதைவிட வலித்தது வேறு. எங்கள் அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "சொல்லணும்னுதான் இருந்தேன், நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

ரூபன் ஞாபகம் வந்தது. யோசேப்பின் மூத்த அண்ணன். தம்பியைக் கொல்ல வேண்டாம், குழியில் மட்டும் போடுங்கள் என்று மற்றவர்களைத் தடுத்தவன். பிறகு வந்து தூக்கிவிடலாம் என்பது அவன் கணக்கு. வந்து பார்த்தால் குழி காலி. உடையைக் கிழித்துக்கொண்டான். ஆனாலும் ஆட்டு ரத்தத்தில் தோய்த்த அங்கியைப் பார்த்து அப்பா அழுதபோது நடந்ததைச் சொல்ல அவன் வாயைத் திறந்ததாக ஒரு வரி இல்லை. விற்றவர்களைக்கூட ஒருவகையில் புரிந்துகொள்ள முடிகிறது. நல்ல எண்ணத்தோடு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சபையில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும், உங்கள் கட்டுரையாளரைப் போலவே, ஒரே வசனத்தைச் சொன்னார்கள். தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார் என்று யோசேப்பு அண்ணன்மாரிடம் சொல்கிறானே, அது. சொல்கிறான்தான், மறுக்கவில்லை. எப்போது சொல்கிறான் என்பதைப் பாருங்கள். எகிப்தில் சிறையிலிருந்து வந்து, அரசன் பார்வோன் முன் நின்று, அதிபதியானபோது அவனுக்கு 30 வயது. பிறகு செழிப்பான 7 ஆண்டுகள், பஞ்சத்தில் 2 ஆண்டுகள். ஆக, சொல்லும்போது வயது 39. குழியில் விழுந்து 22 ஆண்டுகள் கழித்து, தன் வாயால், தானாகச் சொல்கிறான். குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து யாரும் அவனிடம் சொல்லவில்லை. நடுவில் சிறையில் இருந்தபோது அவனே சொன்னது வேறு: எபிரெயர் தேசத்திலிருந்து நான் களவாய்க் கொண்டுவரப்பட்டேன், இங்கேயும் ஒரு குற்றமும் செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். அதற்காகத் தேவன் அவனைவிட்டு விலகவில்லை.

அப்படியானால் அந்த நடு ஆண்டுகளில் தேவ நோக்கத்துக்கு உண்மையாய் இருப்பது என்றால் என்ன? ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில், யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டிராத ஒரு வரி இருக்கிறது. காலையில் யோசேப்பு சிறைக்குள் வருகிறான். அங்கே அடைபட்டிருக்கும் பார்வோனின் பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் (அப்பம் சுடுகிறவன்) கலங்கியிருக்கிறார்கள். உங்கள் முகம் இன்றைக்கு ஏன் துக்கமாயிருக்கிறது என்று கேட்கிறான். அவ்வளவுதான். சொந்த அண்ணன்மாரால் விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்கு அடைபட்டவன், பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறான். என் துக்கம் உச்சத்தில் இருந்த எட்டு மாதத்தில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதனால் அந்த வரியின் கனம் எனக்குத் தெரியும்.

எனக்குப் பெரிய தரிசனம் எதுவும் வந்ததில்லை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பேன். தேவன் எனக்கென்று வைத்த வேலை அது என்று நான் நம்புவதற்கு ஒரே காரணம், வேறு எதிலும் எனக்கு அந்தப் பொறுமை வருவதில்லை என்பதே. பத்திரம் தெரியவந்த மறுநாள் பதிவுக் கருவியை இயக்கினேன். குரல் வரவில்லை. வந்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் உடைந்தது. மூடி வைத்தேன். எட்டு மாதம் மூடியே இருந்தது. அந்த மாதங்களில் ஜெபம் என்று நான் செய்ததெல்லாம் 55ஆம் சங்கீதத்தின் நடுப்பகுதியை வாசிப்பதுதான். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியானால் சகிப்பேன் என்று அதில் வருகிறது. அதற்கு மேல் வாசிக்காமல் மூடிவிடுவேன்.

ஒருநாள் ஒரு மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். என் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "மிஸ், வரலாறு ஒன்பதாம் பாடம் பாதியில நிக்குது. ஆறு வாரத்துல பரீட்சை. மீதி எப்ப வரும்?" என்றாள். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் பரிதாபம் இல்லாமல் பேசியது அன்றுதான். அன்று இரவே உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தேன். தூரத்தில் ஒரு நாய் குரைப்பதும் நான் மூக்கைச் சிந்துவதும் அதில் இருக்கின்றன. அழிக்கவில்லை, நேரமில்லை.

அப்போஸ்தலர் பவுல் சிறையிலிருந்து தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைப் பிறகு வேறு கண்ணோடு படித்தேன். முதல் விசாரணையில் ஒருவரும் கூட நிற்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள், அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்கட்டும் என்கிறார். கன்னானாகிய (செம்பு வேலை செய்கிற) அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்தான், நீயும் அவனிடம் எச்சரிக்கையாயிரு என்பதும் அதே அதிகாரத்தில்தான். மன்னிப்பும் எச்சரிக்கையும் ஒரே கடிதத்தில். துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்வதும் அங்கேதான். கைவிடப்பட்ட கிழவருக்குக் குளிருக்கு ஒன்றும் வாசிக்க ஒன்றும் வேண்டியிருக்கிறது. எத்தனையோ பிரசங்கங்களைவிட அந்த மேலங்கி எனக்கு ஆறுதல்.

இனி அந்த "உடனே மன்னித்து, மறந்து" விஷயத்துக்கு வருகிறேன். தானியம் வாங்க வந்த அண்ணன்மாரை யோசேப்பு அடையாளம் கண்டவுடன் கட்டிக்கொள்ளவில்லை. கடுமையாய்ப் பேசினான், வேவுகாரர் என்றான், மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினான். இரண்டாம் முறை வந்தபோது பென்யமீன் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் செய்தான். இன்னொரு தம்பியையும் இவர்கள் விட்டுவிட்டுப் போவார்களா என்று பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, இவனுக்குப் பதில் நான் அடிமையாய் இருக்கிறேன் என்று முன்னே வந்த பிறகுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்துகிறான். ஆள் மாறியிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான்.

மறந்தானா? மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தான். என் தகப்பன் வீட்டையெல்லாம் மறக்கும்படி தேவன் செய்தார் என்று அதற்கு விளக்கம். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் எதை மறந்தோம் என்பது ஞாபகம் வருகிற பெயர்! அந்த மனிதனை எனக்குப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். நான் பென்சிலால் குறித்துவைத்தபடி அவன் அழுததாக ஏழு இடங்களில் வருகிறது. ஏழும் அவன் அதிபதியான பிறகு. குழியில் அவன் கெஞ்சினான் என்பதுகூட அண்ணன்மார் பின்னாளில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. ஏழாவது அழுகை, தகப்பன் இறந்த பிறகு, இவன் பழிவாங்குவான் என்று பயந்து அவர்கள் ஆள் அனுப்பியபோது. குடும்பம் ஒன்றுசேர்ந்து 17 ஆண்டுகள் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. நீங்கள் தீமை நினைத்தீர்கள் என்று அங்கேதான் முகத்துக்கு நேரே சொல்கிறான். தேவன் அதை நன்மையாக முடித்ததையும் சேர்த்துச் சொல்கிறான். ஒன்றுக்காக இன்னொன்றை அழிக்கவில்லை.

சென்ற ஆண்டு தம்பி கூப்பிட்டான். ஏதோ ஜாமீன் கையெழுத்தாம். தாள்களை அனுப்பு, ஒரு வாரம் வைத்துப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அனுப்பவில்லை. அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு நானே கூப்பிட்டு விசாரித்தேன். பத்து நிமிடம் பேசினோம், வீட்டைப் பற்றி இருவரும் வாயெடுக்கவில்லை. இன்னும் சிறைக்கும் அரண்மனைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறேன் என்று நினைக்கிறேன். இப்போது பத்தாம் வகுப்பு அறிவியல் பதிவு நடக்கிறது. படங்களை வார்த்தையில் சொல்வதுதான் பெரும்பாடு.

திருத்தம் போடுவதாயிருந்தால் அதிகார, வசன எண்களையும் சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். தம்பி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான். அவனை அதற்குப் பழக்கியதே நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்