பூட்டாத வைஃபை

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை மாசி வீதிகளில் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி இருப்பதால் ஒரு ரூட்டரின் அலை பக்கத்துக் கடைகளிலும் எடுக்கும். பாஸ்வேர்டு இல்லையென்றால் தெருவில் நிற்பவரும் உள்ளே நுழையலாம். அவர் மிரட்டல் மெயில் அனுப்பினால் ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) காட்டுவது உங்கள் இணைப்பைத்தான்.

ரூட்டரின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடியுங்கள். முதலில் அட்மின் பாஸ்வேர்டை, அதாவது ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டை, மாற்றுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்கட்டும். பழைய முறையான டபிள்யூ.இ.பி. சில நிமிடங்களில் உடைந்துவிடும். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணையுங்கள்: அதன் 8 இலக்க எண் இரு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சிக்குள் சிக்கிவிடும்.

பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறைய வேண்டாம். செல்போன் எண்ணை வைக்கவே வைக்காதீர்கள், அது கடைப் பலகையிலேயே இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள். பில் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பு வேண்டாம்.

— நெட்வொர்க் பணியாளர்கள், மதுரை