பெரியம்மாவை எப்படிப் பார்த்துவிட்டு வர வேண்டும்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ போன் செய்யும்போதெல்லாம் பெரியப்பாவுக்குக் கை கொஞ்சமாவது அசைகிறதா, பேச்சு வருகிறதா என்று கேட்கிறாய். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்தச் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்து பென்னாகரம் போகும்போது, பெரியம்மா எப்படி இருக்கிறார் என்பதையும் தெரிந்துகொண்டு வா. பக்கவாதம் வந்தவரை டாக்டர் பார்க்கிறார், நர்ஸ் பார்க்கிறார். ராப்பகலாக அவரைத் தூக்கி இறக்குகிறவரை யாரும் பரிசோதிப்பதில்லை. அவர் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேர் படுக்கையில்.

முதலில் அவரிடம் தனியாகப் பேசு. பெரியப்பாவின் கட்டில் கூடத்தில் கிடக்கிறது. அவருக்கு வாய்தான் குழறுகிறது, காது நன்றாகக் கேட்கும். அவர் காதுபட "என்னால முடியல" என்று பெரியம்மா சொல்லவே மாட்டார். போனிலும் அதனால்தான் சொல்வதில்லை. அரூர் அக்காவை ஒரு மணி நேரம் பெரியப்பா பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நீ பெரியம்மாவைக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போ.

"எப்படி இருக்கீங்க" என்று ஆரம்பிக்காதே. "எனக்கென்ன சாமி, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உனக்கு டீ போட எழுந்துவிடுவார். நேற்று ராத்திரியிலிருந்து கேள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை எழுந்தார், ஒவ்வொரு தடவையும் எதற்கு எழுந்தார். இதில் கிடைக்கும் பதிலில் பாதித் தீர்வு இருக்கும். ஒன்றுக்குப் போகவே நாலு தடவை எழுகிறார்கள் என்றால் மாத்திரைச் சீட்டைப் பார். நீர் பிரிய வைக்கும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறார்களா? காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம், நாமாக மாற்றக் கூடாது. படுத்தபடியே பிடிக்கிற யூரின் பாட்டில் தலைமாட்டில் இருந்தால் பெரியப்பா இடது கையால் தானே வைத்துக்கொள்ளப் பழகலாம். புண் வராமல் இருக்கப் புரட்டிவிட எழுகிறார் என்றால், காற்று மெத்தை வாங்கிப் போட்டால் ராத்திரியில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும் என்று நர்ஸிடம் கேள். சாதாரண மெத்தையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. ஒரே ஆள் அதை மாதக்கணக்கில் செய்ய முடியாது.

பிறகு பகல் வேலைகள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை, கழிவறை, உடற்பயிற்சி, ஆஸ்பத்திரிப் பயணம் என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, எதிரே யார் செய்கிறார்கள் என்று எழுது. மூன்றாவதாக ஒரு பத்தி போடு: பெரியம்மா மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் அதை யார் செய்வார்கள்? காலியாக இருக்கும் கட்டங்கள்தான் நீங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து பேச வேண்டியவை. பராமரிப்பவரின் வேலையைக் கணக்கெடுக்க வெளிநாட்டில் தயாரான படிவங்களில் வராத வேலைகளையும் சேர்த்துக்கொள். நனைந்த துணியை அலச எத்தனை குடம் தண்ணீர், அதை எங்கிருந்து தூக்குகிறார், விடிகாலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது யார், கேழ்வரகு அறுப்பிலும் மாங்காய்க் காலத்திலும் ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டு ஆட்கள் எங்கே போகிறார்கள். தை மாதத்தில் சமாளித்தவர் வைகாசியில் சமாளிக்க முடியாமல் போவது இதனால்தான்.

அடுத்து அவர் உடம்பு. பெரியம்மாவுக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. சாப்பிடுகிறாரா என்று கேட்பதைவிட அட்டையை வாங்கி எண்ணிப் பார். வாங்கிய தேதியும் மீதி மாத்திரையும் ஒத்துப்போக வேண்டும். புடவைக் கட்டில், ஜாக்கெட் தளர்வில் எடை குறைந்தது தெரியும். முதுகு, தோள், மணிக்கட்டு மூன்றிலும் எங்கே வலி என்று தொட்டுக் காட்டச் சொல்.

வலி இருந்தால் அவர் பெரியப்பாவை எழுப்புவதை நேரில் பார். பெரும்பாலும் தப்பு அங்கேதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் பெரியம்மாவின் முதுகும் போகும், பெரியப்பாவின் பலமிழந்த வலது தோள் மூட்டும் விலகும். சரியான முறை இது: கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடிக்க வேண்டும். பெரியம்மா தன் முழங்காலால் அவருடைய பலமில்லாத முழங்காலுக்கு அணை கொடுத்து, அவரை முன்னால் குனியச் சொல்லி, ஒன்று இரண்டு மூன்று எண்ணி இருவரும் சேர்ந்து எழ வேண்டும். குனியாமல் நேராக இழுத்தால் முழுப் பாரமும் இழுக்கிறவர் மேல் விழும். கயிற்றுக் கட்டிலில் இது நடக்காது, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். பலகைக் கட்டில் வேண்டும். உட்கார்ந்தால் பாதம் பதிகிற உயரத்துக்குக் கட்டில் கால்களுக்குக் கீழே அசையாத மரக்கட்டை கொடு. வரும்போது அளவு நாடா எடுத்து வா.

மனசைப் பற்றியும் அளந்து கேட்க வழி இருக்கிறது. பராமரிப்பவரின் பாரத்தை அளக்க அமெரிக்காவில் ஸ்டீவன் ஜாரிட் என்பவரும் கூட இருந்தவர்களும் 1980-ல் ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். இப்போது புழங்குவதில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'அநேகமாக எப்போதும்' என்றால் 4. எல்லாவற்றுக்கும் 4 விழுந்தால் மொத்தம் 88. 20 வரை பாரம் குறைவு, 21 முதல் 40 வரை லேசு முதல் நடுத்தரம், 60-ஐத் தாண்டினால் மிகக் கடுமை என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது மதிப்பெண் இல்லை, கேட்கும் விதம். ஆமாவா இல்லையா என்று கேட்டால், ஆமாம் சொல்வது புருஷனைப் பார்த்துக்கொள்ள மனசில்லை என்று சொல்வதாகிவிடும் என நம் பெண்கள் பயப்படுவார்கள். 'எப்பவாவதா, அடிக்கடியா' என்று கேட்டால் உண்மை வரும். கூட்டுத்தொகை குறைவாக வந்தாலும் 4 விழுந்த கேள்விகளை விட்டுவிடாதே. மூன்று மாதம் கழித்தும், பெரியப்பாவின் நிலை மாறும்போதும் மறுபடி கேட்க வேண்டும்.

கூடவே இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் எத்தனை நாள் இருந்தது, மனசு சோர்ந்து எத்தனை நாள் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3: ஒரு நாளும் இல்லை என்றால் 0, அநேகமாகத் தினமும் என்றால் 3. சேர்த்து 3 வந்துவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்தில் போன் செய்தாலும் தமிழில் பேசுவார்கள். பெரியப்பாவிடம் கத்துகிறார் என்று யாராவது குறை சொன்னால் பெரியம்மாவைக் கண்டிக்காதே. தூக்கமில்லாதவர் எல்லை தாண்டிப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரமே மாற்று ஆள் ஏற்பாடு செய்.

இங்கிலாந்தில் 2014-ல் வந்த பராமரிப்புச் சட்டப்படி, குடும்பத்தில் பார்த்துக்கொள்கிறவருக்குத் தனியாக மதிப்பீடு உண்டு. இந்த வேலையை அவரால் செய்ய முடியுமா, தொடர்ந்து முடியுமா, செய்ய விருப்பமா என்று அதில் கேட்டாக வேண்டும். நம் ஊரில் மனைவியிடமோ மருமகளிடமோ விருப்பத்தை யார் கேட்டார்கள்? நீ கேள் கண்ணு. குளிப்பாட்டுவது மட்டும் முடியவில்லை என்று சொல்லக்கூடும். அதை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றதை அவர் மனசாரச் செய்வார்.

மாற்று ஆள் விஷயத்தில் பல வீடுகளில் தவறுவது இரண்டு இடத்தில். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்பார்கள். அவர் கூப்பிட மாட்டார். செவ்வாயும் வெள்ளியும் காலை 9 முதல் 1 வரை என்று கிழமையும் நேரமும் குறித்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, வருகிறவருக்குத் தூக்கி உட்கார வைக்கத் தெரியாது, அதனால் பெரியம்மா வீட்டை விட்டு நகரவே முடியாது, போதாததற்கு வந்தவருக்கும் சேர்த்துச் சமைப்பார். முதல் இரண்டு முறை பெரியம்மா கூட இருந்து கற்றுக்கொடுக்கட்டும். மூன்றாம் முறை அவர் வெளியே போகட்டும், சோறு வருகிறவர் கொண்டுவரட்டும்.

2021 ஆகஸ்ட் 5-ல் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை, பிசியோதெரபி, நோய்த்தணிப்பு நர்ஸ் எல்லாம் உண்டு. அவர்கள் பெரியப்பாவுக்காக வருவார்கள். வரும் அன்றைக்கே பெரியம்மாவின் பிரஷரையும் பார்த்து எழுதச் சொல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு பேருடைய பெயரையும் கொடு. ஊனச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். சான்றிதழில் எழுதும் சதவீதத்தைப் பொறுத்தது அது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்காத குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்றே சொல்கிறது.

நீ அனுப்பும் பணத்தை இந்த மாதம் நிறுத்தி வை. தாளில் காலிக் கட்டங்கள் எவை என்று தெரிந்த பிறகு, காற்று மெத்தைக்கா, துணி துவைக்கும் ஆளுக்கா, பால் ஊற்றும் ஆளுக்கா என்று முடிவு செய்யலாம். திருப்பூர் அண்ணனையும் அரூர் அக்காவையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே இருக்கச் சொல்லியிருக்கிறேன். தாளை நடுவில் வைத்து, பெரியம்மா முன்னிலையில், யார் எந்தக் கிழமை என்று பேசி எழுதிவிடுங்கள்.

அம்மா,
பாலக்கோடு