லண்டன் தமிழ்க் கலை அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கும் நிகழ்ச்சிக் குழுவினருக்கும்,

வணக்கம். அடுத்த தை மரபுத் திங்களுக்கான நிகழ்ச்சி நிரலைப் போடத் தொடங்கியிருப்பீர்கள். பரதம், வயலின், பட்டிமன்றம், பேச்சுப் போட்டி, பொங்கல். இதில் எதையும் வெட்டச் சொல்லவில்லை. ஒரு மாலையைக் கறுப்பினக் கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அனுப்பிவைக்கும் மாலை வேண்டாம். அவர்களின் வேலையை நம் பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்த்து, கேள்வி கேட்கிற மாலையாக இருக்கட்டும்.

"நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று குழுவில் ஒருவராவது கேட்பார். எனவே பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1982 அக்டோபரில் வுல்வர்ஹாம்ப்டனில் சில கலை மாணவர்கள் கறுப்பினக் கலைக்கான முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். கீத் பைப்பர், எடி சேம்பர்ஸ், க்ளாடெட் ஜான்சன் போன்றவர்கள் இந்த அலையில் வந்தவர்கள்தான். கரீபியனிலிருந்து வந்து ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பேருந்துகளிலும் வேலை செய்த தலைமுறையின் பிள்ளைகள். மூன்று வருடம் கழித்து, சான்சிபாரில் பிறந்த லுபைனா ஹிமிட் லண்டனின் ஐ.சி.ஏ. என்ற சமகாலக் கலை நிலையத்தில் பதினொரு பெண் கலைஞர்களின் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார். அவர்களுக்குக் கிடைத்த இடம் அங்கிருந்த நடைவழி. ஆட்கள் போகவர, சுவரில் படங்கள்.

அந்த நடைவழியில் ஒரு காளி இருந்தாள். சாந்திநிகேதனில் பிறந்து இங்கே வளர்ந்த சுதபா பிஸ்வாஸ் வரைந்தது. ஒரு கையில் இறைச்சி வெட்டும் கத்தி, இன்னொன்றில் வெட்டிய தலை, கழுத்தில் தலைகள் கோத்த மாலை, முகத்தில் வீட்டுவேலை செய்து சலித்துப்போன பெண்ணின் கோபம். நம் மண்டபத்தில் அதை மாட்ட விடுவீர்களா என்று எனக்குச் சந்தேகம்தான். கறுப்பினக் கலை என்ற பெயரில் அவள் அங்கே தொங்கினாள். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. ஏனென்றால் அன்று இந்த நாட்டில் 'கறுப்பு' என்பதற்குள் நாமும் இருந்தோம். அதே கண்காட்சியில் இருந்த சீலா குமாரி பர்மன்தான் 2020இல் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் முகப்பு முழுக்க நியான் விளக்குகளால் தீபாவளியைக் கொண்டுவந்தவர். உங்களில் பலர் அதன் முன்னே நின்று செல்ஃபி எடுத்திருப்பீர்கள்.

கறுப்பு என்பது தோலின் நிறம் மட்டுமல்ல, அரசியலின் நிறமும்தான் என்று விடாமல் வாதிட்டவர்களில் முக்கியமானவர் நம் ஆள். 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் வந்த அம்பலவாணர் சிவானந்தன். இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, பிறகு அதையே தலைமை தாங்கி நடத்தியவர். கரீபிய, ஆப்பிரிக்க, ஆசிய இளைஞர்கள் அவர் எழுத்தைத் தேடிப் படித்தார்கள். 2018இல் அவர் காலமானபோது நம் மேடைகளில் எத்தனை நிமிடம் அவரைப் பற்றிப் பேசினோம்?

எல்லோரையும் சேர்த்து வைத்த 'கறுப்பு' என்ற அந்தக் குடை பின்னாளில் கிழிந்தது உண்மை. அதன் கீழே தங்கள் அனுபவம் கரைந்துபோகிறது என்று இரு பக்கமும் சொன்னவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. தெருவில் பொலிஸ் நிறுத்திச் சோதிப்பது நம் பையனைவிட அவர்கள் பையனைத்தான் அதிகம். இருவர் கதையும் ஒன்றே என்று மேடையில் பேசி மழுப்ப வேண்டாம். அதோடு, நம் வீடுகளில் அவர்களைக் குறிக்கப் புழங்கும் சொல் என்னவென்று உங்களுக்கே தெரியும், நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

சரி, அவர்களிடம் பார்க்க என்ன இருக்கிறது? ஹிமிட் 2004இல் செய்த ஒரு படைப்பைச் சொல்கிறேன். பலகையில் வெட்டி வண்ணம் தீட்டிய, ஆள் உயரமான நூறு உருவங்கள். ஐரோப்பிய அரண்மனைகளுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள்: மத்தளக்காரர், செருப்புத் தைப்பவர், வரைபடம் வரைபவர், மூலிகை வைத்தியர், நாய் பழக்குபவர். நாம் அவர்களுக்கு நடுவே நடந்து போகலாம். ஒவ்வொருவர் முதுகிலும் கணக்குத் தாளில் சில வரிகள். சொந்தப் பெயர், எசமான் வைத்த பெயர், முன்பு செய்த தொழில், இப்போது செய்யும் வேலை, கடைசியில் தன்னிடம் இன்னும் மிஞ்சியிருப்பது என்ன என்று. அந்தக் கடைசி வரிக்காகவே ஒவ்வொரு முதுகாகப் போய்ப் பார்க்கத் தோன்றும். பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு ஹிமிடுக்கு 2017இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு 63 வயது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

இன்னொரு கலைஞர் டொனால்ட் ராட்னி. அவர் படைப்பு ஒரு வீடு, மிகச் சின்னது, உள்ளங்கையில் அடங்கும். அரிவாள் உயிரணு நோயோடு பிறந்தவர் அவர், வழிவழியாக வரும் இரத்த நோய். அறுவைச் சிகிச்சைகளில் எடுத்த தன் தோலையே குண்டூசிகளால் இணைத்து ஒரு குட்டி வீடு கட்டி, அதைத் தன் கையில் வைத்து ஆஸ்பத்திரியில் படமெடுக்க வைத்தார். இறந்த தந்தையின் நினைவாக 1997இல் அவர் வைத்த கண்காட்சிக்கு ஜமைக்காவின் ஒன்பது இரவுச் சடங்கிலிருந்து பெயர். சாவு வீட்டில் சொந்தங்கள் கூடி, சமைத்து, பாடி, இறந்தவர் கதைகளைப் பேசும் இரவுகள். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே, 36 வயதில், ராட்னியும் போய்விட்டார்.

நாம் மரபு என்றால் பழுதுபடாமல் ஒப்படைக்கும் நகைப்பெட்டி மாதிரி நடந்துகொள்கிறோம். ராட்னியும் ஹிமிடும் அதைத் திறந்து, உடைந்ததையும் காணாமல் போனதையும் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் நம் பிள்ளைகளுக்கு அடவு பிசகினால் திருத்தம் கிடைக்கிறது. "ஏன் இதை ஆடுகிறேன்?" என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. பதினைந்து வயதில் அவர்கள் சலங்கையைக் கழற்றி வைப்பதற்கு ஜி.சி.எஸ்.இ. பரீட்சை மட்டும் காரணமில்லை.

அப்புறம், ஆவணங்கள். யாழ் நூலகம் எரிக்கப்பட்ட 1981ஆம் ஆண்டில்தான் இங்கே கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. துண்டுப் பிரசுரம், கடிதம், புகைப்படம் என்று சேர்த்துச் சேர்த்து, 2014இல் பிரிக்ஸ்டன் விண்ட்ரஷ் சதுக்கத்தில் தங்களுக்கென ஒரு கட்டடத்தில் குடியேறினார்கள். நாம் நூலகத்தை நினைத்து ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். எண்பதுகளில் இதே ஊரில் நாம் போட்ட நாடகங்களின் நோட்டீஸ்கள், வீடியோ கேசட்டுகள் யாருடைய கராஜில் ஈரமாகிக்கொண்டிருக்கின்றன? அந்தக் காப்பகத்தை நடத்துகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் அதுவே ஒரு மாலைக்குப் போதும்.

அக்டோபரில் கறுப்பின வரலாற்று மாதம் வருகிறது. முதலில் நாம் அங்கே போவோம். பார்வையாளராக, டிக்கெட் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பிறகு தையில் அவர்களை அழைப்போம். வருகிற கலைஞருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும், "வாய்ப்புத் தருகிறோம்" என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் பட்ஜெட் போடுகிற நமக்கு இது பெரிய தொகையில்லை. மண்டப வாடகைதான் இடிக்கிறது என்றால் எழுதுங்கள், பங்கு போட நாலைந்து பெற்றோர் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஹாரோவிலிருந்து ஒரு பெற்றோர்